லுத்தரன் வீட்டுப் பெண், கத்தோலிக்க வீட்டு மாப்பிள்ளை

பெண் பார்த்து, பூ வைத்து, பரிசம் போடத் தேதியும் குறித்தாகிவிடும். அதற்குப் பிறகுதான் யாராவது ஒரு பெரியவர் வாயைத் திறப்பார்: “ஆமா, கல்யாணம் எந்தக் கோயில்ல?” அந்த ஒரு கேள்வியில் பந்தலே ஆடிப்போகும். பெண் வீட்டார் லுத்தரன். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர். இரண்டு வீட்டுச் சுவரிலும் சிலுவைதான் தொங்குகிறது. இரண்டு வீட்டிலும் கிறிஸ்மஸுக்கு முறுக்குச் சுடுகிறார்கள். ஆனாலும், “அவுங்க மாதாவைக் கும்புடுறவங்க” என்று இந்தப் பக்கமும், “அவுங்க மாதாவையே மதிக்காதவங்க” என்று அந்தப் பக்கமும் பேச்சு கிளம்பிவிடும்.

நம் தோட்டப்புறங்களில் இது பழைய கதை. ஒரே லயத்தில் நாலாம் வீடு கத்தோலிக்கம், ஆறாம் வீடு லுத்தரன் என்று வாழ்ந்தவர்கள் நாம். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கு இருவருமே ‘வேதக்காரர்’ தான். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, பிள்ளைகள் டவுன் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன பின்பும் இந்தக் கேள்வி அவர்கள் கூடவே போயிருக்கிறது. நமக்குத் தெரிந்தவரை, சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு எதைக் குறித்துச் சண்டை என்பதே தெரியாது. ஆகவே இந்த வாரம் இதையே எடுத்துக்கொண்டோம்.

சீட்டு விற்ற கதை

இந்தத் தகராறு தமிழ்நாட்டில் பிறந்ததல்ல, மலேசியாவிலும் பிறந்ததல்ல. ஜெர்மனியில் பிறந்தது. 1483-ஆம் ஆண்டு அங்கே ஐஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தவர் மார்ட்டின் லுத்தர். தகப்பனார் செப்புச் சுரங்கத் தொழிலில் இருந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மகனோ மடத்தில் சேர்ந்து துறவியாகி, குருப்பட்டம் பெற்று, விட்டன்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பிக்கும் ஆசிரியரானார். அதாவது, லுத்தரே ஒரு கத்தோலிக்க சாமியார்தான். இதை நம் லுத்தரன் சகோதரர்களில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்நாளில் ரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பணம் வேண்டும். பாவத்துக்கு உரிய தண்டனை குறையும் என்று சொல்லி, ஜெர்மன் மக்களிடம் ஒரு சீட்டு விற்கப்பட்டது. இதிலே வேடிக்கை என்னவென்றால், வசூலில் பாதிதான் கோயிலுக்கு. மற்றப் பாதி, மைன்ஸ் நகரத்துப் பேராயர் தம் பதவிக்காக ஃபுக்கர் என்ற பணக்காரக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போயிற்று! உழைத்துச் சாப்பிடும் ஏழை, செத்துப்போன தாய் தகப்பனுக்காகக் கொடுத்த காசு லேவாதேவிக்காரன் பெட்டிக்குப் போயிருக்கிறது.

இதைக் கண்டு பொறுக்காமல் லுத்தர் 1517 அக்டோபர் 31-ஆம் தேதி 95 வாதங்களை எழுதி அந்தப் பேராயருக்கே அனுப்பினார். சபையை உடைக்கவேண்டும் என்பது அன்று அவர் எண்ணமல்ல. ஆனால் பேச்சு வளர்ந்தது. இரு பக்கமும் வார்த்தை தடித்தது. 1521 ஜனவரியில் பாப்பரசர் பத்தாம் லியோ அவரைச் சபையிலிருந்து நீக்கினார். 1530-இல் லுத்தர் பக்கத்தார் ஆக்ஸ்பர்க் நகரில் தங்கள் விசுவாச அறிக்கையை வைத்தார்கள். கத்தோலிக்க சபை 1545 முதல் 1563 வரை டிரென்ட் நகரில் சங்கம் கூட்டித் தன் பதிலைச் சொல்லிற்று. அத்தோடு வீடு இரண்டாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. 1525-இல் ஜெர்மன் குடியானவர்கள் நிலப்பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பியபோது, முதலில் இரு தரப்பையும் கண்டித்த லுத்தர், பிறகு அந்த ஏழைகளை அடக்கி ஒழிக்கும்படி பிரபுக்களுக்கு மிகக் கடுமையாக எழுதினார். குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுப்பட்டு மடிந்தார்கள். உழைப்பாளி மக்கள் என்ற முறையில் நமக்கு அவர்மேல் இந்த மனத்தாங்கல் உண்டு. பெரியவர்கள் எல்லாவற்றிலும் பெரியவர்களாக இருப்பதில்லை.

கூலியா, கொடையா?

சீட்டு வெறும் சாக்குதான். அதன் அடியில் கிடந்த கேள்வி இது: மனிதன் கடவுளுக்கு முன்னால் நீதிமானாக நிற்பது எப்படி?

பால் வெட்டுகிறவருக்கு எடை போட்டுக் கூலி தருகிறார்கள். வாளியில் பால் குறைந்தால் கூலி குறையும். கடவுளும் அப்படிப் புண்ணியத்தை எடை போட்டு மோட்சம் தருகிறாரா? இல்லை என்றார் லுத்தர். மோட்சம் கூலியல்ல, கொடை. கிறிஸ்துவை விசுவாசிக்கிறவனுக்குக் கிருபையாகக் கிடைப்பது. நற்செயல் என்பது நல்ல மரம் தானாகக் கொடுக்கும் கனி. மரத்தை நல்லதாக்குவது கனியல்ல.

கத்தோலிக்க சபை இதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. வரப்பிரசாதம் முந்திக்கொள்ளாமல் மனிதன் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்றுதான் டிரென்ட் சங்கமும் சொன்னது. ஆனால், அந்த வரப்பிரசாதத்தோடு மனிதன் இசைந்து நடக்க வேண்டும், அவன் உள்ளுக்குள்ளேயே மாற வேண்டும், அப்படி நடப்பவன் செய்யும் நற்செயலுக்குப் பலன் உண்டு என்று அழுத்திச் சொன்னது. “கத்தோலிக்கருக்குக் காசு கொடுத்தா மோட்சம்” என்று லுத்தரன் வீட்டில் பேசுவதும் பிசகு. “லுத்தரனுக்கு நம்பினாப் போதும், என்ன வேணா செய்யலாம்” என்று கத்தோலிக்க வீட்டில் பேசுவதும் பிசகு.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நம் லயங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலும். 1999 அக்டோபர் 31-ஆம் தேதி, அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்க சபையின் பிரதிநிதிகளும் உலக லுத்தரன் சம்மேளனத்தின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பொது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால். அந்தக் கிருபையே நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு ஏவுகிறது. இதுதான் அதன் சாரம். அந்த அறிக்கை சொல்லும் போதனையைப் பொறுத்தவரை, 16-ஆம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபங்கள் இனிப் பொருந்தா என்றும் எழுதிக்கொண்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட் சபையாரும் அதில் சேர்ந்தார்கள். 2016 அக்டோபர் 31-இல் பாப்பரசர் பிரான்சிஸ் சுவீடனில் லுண்ட் நகரத்துப் பேராலயத்துக்கே போய், லுத்தரன் தலைவர்களோடு நின்று ஜெபம் செய்தார்.

சண்டைக்கு வேராக இருந்த கேள்வியிலே பெரியவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள். நாம் பரிசப் பந்தலில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

சூசையும் யோசேப்பும்

ஜெர்மன் சண்டை தமிழனுக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். கப்பலேறித்தான் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே 1542-இலேயே புனித சவேரியார் வந்து வேலை செய்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கத்தோலிக்கர் கொடுத்தது. இந்திய மொழி எழுத்தில் அந்நாட்டில் அச்சான முதல் நூல் நம் தமிழில்தான். பிறகு 1706-இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்க் என்ற ஜெர்மன் லுத்தரன் குரு தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சேறி முடிந்தது.

இரு சபையும் ஒரே காவிரிக் கரையில் இருந்தால் சும்மா இருக்குமா? ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவரை நாம் தமிழறிஞராக மட்டுமே பள்ளியில் படித்தோம். அவர் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தர் இனத்தியல்பு’ என்று வரிசையாக எழுதியவர். சண்டையென்றாலும் அதனால் தமிழ் உரைநடை வளர்ந்தது. அந்த வகையில் நமக்கு இலாபமே.

சொல்லிலும் வேலி போட்டுக்கொண்டார்கள். கத்தோலிக்கருக்குச் சூசை, லுத்தரனுக்கு யோசேப்பு. அங்கே அருளப்பர், இங்கே யோவான். அங்கே இராயப்பர், சின்னப்பர். இங்கே பேதுரு, பவுல். அங்கே பூசை, இங்கே ஆராதனை. பேரைக் கேட்டதுமே எந்தக் கோயில் என்று கிராணியார்கூடச் சொல்லிவிடுவார். 1995-இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து தமிழில் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தை வெளியிட்டபோதுதான் இந்த வேலி கொஞ்சம் தாழ்ந்தது.

சாதி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் வேற்றுமை இல்லை என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்காகச் சுவரே எழுப்பியிருந்தார்கள். தரங்கம்பாடி வழிவந்த கோயில்களிலும் சாதி பார்த்து உட்கார வைத்த வரலாறு உண்டு. கல்யாணப் பேச்சில் “கோயில் வேறே” என்று தட்டிக்கழிக்கும் சிலர், உள்ளுக்குள் எதை எண்ணித் தட்டுகிறார்கள் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

பஞ்சம் பிழைக்க மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் தங்கள் கோயிலையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் பிரெஞ்சுப் பாதிரிமார் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு லாரி பிடித்துப் போனவர்கள் நம் தோட்டத்து மக்கள். லுத்தரன்களோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தை எழுப்பினார்கள். தமிழ்நாட்டுத் தாய்ச்சபையின் கிளையாக இருந்தவர்கள் 1960-களின் தொடக்கத்தில் தனிச் சபையானார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால்

லுத்தரன் ஆலயத்துக்குள் முதன்முதல் போகும் கத்தோலிக்கருக்கு ஒன்றும் அந்நியமாக இராது. பலிபீடம், மெழுகுவர்த்தி, அங்கி அணிந்த குரு, பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், நற்கருணை எல்லாம் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். பத்துக் கற்பனைகளை எண்ணும் முறைகூட ஒன்றுதான். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது ஐந்தாம் கற்பனை. கத்தோலிக்கருக்கும் லுத்தரனுக்கும் அது நாலாம் கற்பனை. காலையிலும் இரவிலும் சிலுவை அடையாளம் போட்டு ஜெபிக்கும்படி லுத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் (1529) எழுதியிருக்கிறார். லுத்தரன் பிள்ளை சிலுவை போட்டால் “என்னடா, கத்தோலிக்கமாயிட்டியா?” என்று அதட்டுகிற தாத்தாக்கள் இதைக் கவனிக்கவும்.

நற்கருணையைப் பற்றித்தான் பெரிய தப்பெண்ணம் நிலவுகிறது. லுத்தரனுக்கு அது வெறும் அப்பமும் ரசமும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அங்கே மெய்யாகவே இருக்கின்றன என்று சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்கிலியோடு 1529-இல் மல்லுக்கு நின்றவர் லுத்தர். அப்பம் அப்பமாகவும் இருக்கிறது, அதோடு கிறிஸ்துவின் உடலும் இருக்கிறது என்பது லுத்தரன் போதனை. குரு வசீகரம் செய்தபின் அப்பத்தின் தோற்றம் மட்டுமே மீதி, உள்ளபொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறிவிட்டது என்பது கத்தோலிக்கப் போதனை. அதனால்தான் கத்தோலிக்கக் கோயிலில் மீந்த நற்கருணையைப் பேழையில் வைத்து, விளக்கேற்றி, முழந்தாளிட்டு வணங்குகிறார்கள். பூசை என்பது கல்வாரிப் பலியையே பலிபீடத்தில் நிகழச்செய்வது என்கிறது கத்தோலிக்க சபை. அந்தப் பலி ஒரே தடவை முடிந்தது, இது அதன் விருந்து என்கிறது லுத்தரன் சபை.

கத்தோலிக்கருக்குத் தேவதிரவிய அனுமானங்கள் ஏழு. லுத்தரனுக்கு ஞானஸ்நானமும் நற்கருணையும் ஆக இரண்டே. திடப்படுத்தல், குருப்பட்டம், விவாகம் எல்லாம் அவர்களிடமும் உண்டு. தேவதிரவிய அனுமானம் என்று சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

மாதாவுக்கு வருவோம். கத்தோலிக்கர் மாதாவை ஆராதிப்பதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பது அவர்கள் சபையின் சட்டம். மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் செலுத்தி, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்று கேட்கிறார்கள். லுத்தரும் மாதாவை இகழ்ந்தவரல்ல. மரியாளின் பாடலுக்கு 1521-இல் பக்தியோடு விளக்கம் எழுதியவர். புனிதர்களை நினைவுகூரலாம், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் வேண்டுதல் கேட்க வேதத்தில் இடமில்லை என்பது ஆக்ஸ்பர்க் அறிக்கை. மாதா ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தார் என்பதையும் (1854), உடலோடு மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதையும் (1950) கட்டாய விசுவாசமாகக் கத்தோலிக்க சபை அறிவித்தது லுத்தருக்கு வெகு காலத்துக்குப் பின். பாப்பரசர் விசுவாச காரியத்தில் அதிகாரபூர்வமாக வரையறுத்துச் சொன்னால் தவறமாட்டார் என்று அறிவித்ததும் 1870-இல்தான். இந்தப் பாப்பரசர் அதிகாரம் இன்றும் இடிக்கிற பெரிய கல். லுத்தரன்களுக்குப் பேராயர் உண்டு. உலகத்துக்கெல்லாம் ஒரே தலைவர் இல்லை.

குருமார் விஷயம் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிவது. லுத்தர் 1525-இல் கத்தரீனா என்ற முன்னாள் கன்னியாஸ்திரீயை மணந்தார். அதனால் ஐயர் வீட்டில் ஐயரம்மா இருப்பார். சாமியார் பங்களாவில் சமையல்காரர்தான் இருப்பார். உலகில் பல லுத்தரன் சபைகளில் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். கத்தோலிக்கத்தில் அது கிடையாது.

சாவு வீட்டில்

கல்யாணத்தில் வராத வாய்த்தர்க்கம் சில வேளை கருமாதியில் வரும். இறந்தவர் மோட்சம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று கத்தோலிக்கர் விசுவசிக்கிறார்கள். அதனால் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். நவம்பர் 2-இல் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று மக்கபேயர் ஆகமம். லுத்தரன் வீட்டு வேதாகமத்தைப் புரட்டினால் அந்த ஆகமமே இராது. அவர்கள் வேதத்தில் 66 புத்தகம், கத்தோலிக்க வேதத்தில் 73. வாசிக்க நல்லவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்று லுத்தர் அந்தப் புத்தகங்களைத் தம் ஜெர்மன் வேதாகமத்தில் (1534) தனியாக வைத்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தை லுத்தரன் சபை ஏற்பதில்லை.

மாமியார் செத்து, மருமகன் “எங்க சபையில இது இல்ல” என்று பூசைக்கு வராமல் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். உள்ளே வந்து உட்காருவதை எந்தச் சபையும் தடுக்கவில்லை. பிணத்தை எரிப்பதையும் 1963 முதல் கத்தோலிக்க சபை அனுமதிக்கிறது. “எரிச்சா பாவம்” என்று சண்டை வேண்டியதில்லை.

சரி, கல்யாணம் எந்தக் கோயிலில்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் கொடுத்த ஞானஸ்நானத்தை இரு சபையும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. பெண்ணுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றவேண்டும் என்று யாராவது மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அது அவர்கள் சபைச் சட்டமே அல்ல. பெண் மதம் மாறினால்தான் கல்யாணம் என்பதும் சட்டமல்ல.

சட்டம் இவ்வளவுதான்: கத்தோலிக்கத் தரப்பார் தம் ஆயரிடம் பங்குச் சாமியார் மூலமாக அனுமதி வாங்க வேண்டும். தம் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். முன்பு லுத்தரன் தரப்பும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-இல் அது எடுபட்டது. அந்த வாக்குறுதி பற்றி அவருக்குத் தெரிவித்தால் போதும். கல்யாணம் லுத்தரன் ஆலயத்தில்தான் வேண்டுமானால், அதற்கும் தகுந்த காரணம் காட்டி ஆயரிடம் தனி விலக்கு வாங்கலாம். விலக்கு வாங்காமல் செய்தால் கத்தோலிக்க சபை அந்தக் கல்யாணத்தைச் செல்லாததாக எண்ணும். கத்தோலிக்கத் தரப்பார் நற்கருணை வாங்க முடியாமல் போகும். பின்னால் சரிப்படுத்த வழி இருக்கிறது. ஆனால் முன்னாலேயே கேட்டுக்கொண்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

பிள்ளைகள் விஷயம்தான் கடினமானது. அதை இனிப்பாக்கிச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கிறது. லுத்தரன் தரப்புக்கும் தன் விசுவாசத்தின்மேல் அதே பற்று இருக்கும். இதைப் பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே உட்கார்ந்து, பத்திரிகை அடிக்குமுன் பேசிவிட வேண்டும். பேறுகால வீட்டில் இரண்டு பாட்டிகளும் பேசித் தீர்க்கிற காரியமல்ல இது.

கல்யாணமான பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நோவு மிஞ்சும். புருஷன் நன்மை வாங்க எழுந்து போவார். லுத்தரன் மனைவி பெஞ்சியிலேயே இருக்க வேண்டும். கத்தோலிக்க சபை மற்றச் சபையாருக்குச் சாதாரணமாக நற்கருணை கொடுப்பதில்லை. தன் மக்கள் மற்றச் சபையில் வாங்கவும் விடுவதில்லை. 1999-இல் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் இந்த மேசையை இன்னும் ஒன்றாக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிடுகிற புருஷன் பெண்சாதி இந்த ஒரு பந்தியில் மட்டும் பிரிந்து உட்காருவது நமக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் நடைமுறை அதுதான்.

எந்தக் கோயிலில் தாலி கட்டினாலும் அரசாங்கப் பதிவு தனியாக உண்டு. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதார் கல்யாணம் பதியப்பட வேண்டும். அந்தக் கோயிலிலேயே பதிவு செய்ய அதிகாரம் உள்ளவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பதிவு அலுவலகம் போக வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எழுதி வாங்கிவரச் சொல்வார்கள். உங்கள் தோட்டத்துச் சிற்றாலயம் இடிபட்டுப் போயிருந்தால் கலங்க வேண்டாம். அந்நாளில் வந்துபோன குரு எந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்தவரோ, பேரேடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், ஞானத் தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பழைய பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் தேடிக் கொடுக்கச் சுலபமாக இருக்கும்.